நடுவிலிருந்து முறுக்கிய நட்டுகள்

அப்புசாமியின் பழைய அம்பாசிடர் புகை கக்கியது. என்ஜினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவிலிருக்கும் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போய்விட்டதால், 'டப் டப்' என்று சத்தம் வேறு. போன ஞாயிற்றுக்கிழமை, செல்போனில் வீடியோ பார்த்து அதை அவரே மாற்றினார். சத்தம் நின்றது.

மனைவி ராசாத்தாள் உடனே பவானியிலிருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள். "எங்கூட்டுக்காரரே காரைப் பிரிச்சு ரிப்பேர் பண்ணிப்போட்டாரு, தெரியுமா?" முப்பது வருஷத்தில் அவள் கணவனைப் பற்றிப் பெருமையடித்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து அறையில் இருந்த அப்புசாமிக்கு அன்று காபி கூடுதலாக இனித்தது.

புதன்கிழமை சத்தம் திரும்பி வந்தது. அது ராசாத்தாள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று அவர் காரை எடுக்கவேயில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. பவானிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை காலை, அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கணபதி பகுதியிலிருக்கும் மெக்கானிக் பிரான்சிஸின் ஒர்க் ஷாப்புக்குக் காரை ஓட்டிப் போனார்.

என்ஜின் ஆறியதும் பிரான்சிஸ் நட்டுகளைக் கழற்றிப் பார்த்தான். "ஏனுங்ணா, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டாமயே மேல புதுசு வெச்சிருக்குது. நட்டையும் ஒரு ஓரத்துலருந்தே முறுக்கியிருக்குது. எந்த மகராசன் செஞ்சானுங்க?"

"அந்த மகராசன் நாந்தானப்பா."

அதற்குள் அப்புசாமியின் போன் அடித்தது. எடுக்கிற அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். "ஏனுங்க, எங்க இருக்கறீங்க?" என்றாள் ராசாத்தாள்.

"உழவர் சந்தைல, அம்மணி."

"நாளைக்கு அங்க எல்லாரும் காரைப் பார்க்கோணும்னு நிக்கறாங்களாமா. நீங்களே பிரிச்சு மாட்டுனதுன்னு சொல்லிப்போட்டேனுங்க. அவரைக்காய் வாங்கிட்டு வாங்க."

போன் அடங்கியது. பிரான்சிஸ் கையிலிருந்த சுரண்டியை அவரிடம் நீட்டினான்.

"புடிங்க."

"நீ செஞ்சா சட்டுனு முடியுமேப்பா?"

"முடியுமுங்க. ஆனா அக்கா சொன்னது பொய்யாப் போயிருமுங்களே!"

கடையில் வேறு இரண்டு வண்டிகள் காத்திருந்தன. இருந்தும் பிரான்சிஸ் ஒரு ஸ்டூலைப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அப்புசாமி கருகிப்போன துணுக்குகளை விரல் நுனிக்கு வழவழப்பாகப் படும்வரை சுரண்டினார். புதுக் கேஸ்கெட்டை வைத்தார். "நட்டை நடுவுலருந்து முறுக்க ஆரம்பிங்க, அப்பத்தான் சமமா அமுங்கும். அப்புறம் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அவசரமில்லீங்க." பிரான்சிஸின் கை கடைசிவரை ஸ்பானரைத் தொடவில்லை.

சாவியைத் திருப்பியதும் என்ஜின் சாதுவாக ஓடியது. சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்து அப்புசாமி கையெடுத்துக் கும்பிட்டார். பிரான்சிஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் பெருந்துறை தாண்டும்போது, "சத்தமே இல்லீங்க பாருங்க" என்றாள் ராசாத்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. முதலில் சொதப்பியது, பிரான்சிஸ் சொல்லச் சொல்ல மாட்டியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"தெரியுமுங்க," என்றாள் அவள். "சந்தைக்குப் போனவரு சட்டை பூராக் கரியோட வந்தீங்க. அவரைக்காயைத்தான் காணோம்."

பவானியில் வாசலிலேயே தங்கை கேட்டாள், "நெசமாவே மச்சாந்தான் மாட்டுனாராக்கா?"

"அவரேதான்," என்றாள் ராசாத்தாள். "ரெண்டு தடவை மாட்டுனாரு. ரெண்டாவது தடவை சொல்லிக்குடுக்கப் பிரான்சிஸ்னு ஒரு நல்ல தம்பி பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. கெளம்பறப்ப அதுக்கொரு டப்பா பலகாரம் கட்டிக்குடு."