இரவல் ராஜாக்கள்

தாலி கட்டக் குனிந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் கிடந்த காசுமாலையைத்தான் பார்த்தார். குருவானவர் தொண்டையைச் செருமிய பிறகுதான் முடிச்சுப் போட்டார். சரித்திர வாத்தியாருக்கு வாக்கப்பட்டால் இப்படித்தான் என்று தோழிகள் பின்னால் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாலை என்னுடையது இல்லை.

குலசேகரன்பட்டினத்தில் எங்கள் தெருமுனைக் கருப்பட்டிக் கடை சீனித்தாய் அக்காவுடையது அது. அவர்கள் பாட்டனார் கிணறு வெட்டும்போது கிடைத்த மூன்று தங்கக் காசுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு ராஜா. வெறுங்கழுத்தோடு எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும், சாதி மதம் பார்க்காமல் அக்காவே கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். "சாயங்காலம் குடுத்துவிடு, போதும்" என்பதோடு சரி. கேட்காமலே கொடுத்த அந்தக் கையை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். என் கல்யாணத்தன்றும் சாயங்காலமே மாலையை அண்ணன் திருப்பிக் கொண்டுபோய்விட்டான்.

நான் வாக்கப்பட்டுப் போன தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த வருடம் அது. என் மாமியார் தெரு முழுக்க அந்த மாலையைப் பற்றியே பேசிவைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்காகக் கோயிலுக்குப் புறப்படும்போது கேட்டே விட்டார்கள்.

"ஏளா கிருபா, அந்தக் காசுமாலைய எடுத்துப் போடு. நாலு பேரு பாக்கட்டும்."

பெட்டியைத் திறந்து, ஒன்றும் இல்லாத மூலையில் துழாவினேன். இன்றைக்கே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

"அது நம்மது இல்லம்மா," என்றார் அவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "இரவல்."

எனக்கு உயிரே போயிற்று. இவருக்கு எப்படித் தெரியும்?

"ஒனக்கு யாருலே சொன்னது?" என்றார்கள் அத்தை.

"பெரிய காசுல ராஜா மூக்குல ஒரு உளிவெட்டு உண்டு. போன வருசம் எங்க டிரில் வாத்தியாரு குலசேகரன்பட்டினத்துல பொண்ணு கெட்டும்போது, அந்தப் பொண்ணு கழுத்துல அந்த ராஜாவப் பாத்தேன். இப்போ இவ கழுத்துலயும் அவரே வந்து நிக்காரு." பாடம் எடுக்கிற குரல் வந்துவிட்டது. "ரோமாபுரிக் காசும்மா. நம்ம கடல் முத்துக்காகத் தங்கத்தக் கப்பல் கப்பலா அனுப்புனானுவ. பெறவு ராஜ்யம் நொடிக்க நொடிக்கக் காசும் எடை கொறஞ்சுட்டு. மூணாவது காசு மீன் செதில் கணக்கா இருக்கு. அந்த ராஜாக்கமாருக்கே தங்கல, நமக்கு எதுக்கு?"

அப்படியானால் தாலி கட்டும்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் முடிச்சுப் போட்டிருக்கிறார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பெட்டிக்குள் விட்ட தலையை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது.

கோயிலில் முதல் மணி அடித்தது. "தெரு பூரா சொல்லிட்டேனே," என்றார்கள் அத்தை. கிட்டே வந்து என் மோவாயை நிமிர்த்திக் கழுத்தைப் பார்த்தார்கள். தாலியும் வேர்க்குருவும்தான் இருந்தன.

"பொம்பளைக கண்ணு பாட்டுப் புத்தகத்துலயா இருக்கும்?" என்று முனகிக்கொண்டே, தன் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, என் முக்காட்டைக் கழுத்தோடு சுற்றி இழுத்துக் குத்திவிட்டார்கள். "நடளா, நேரமாச்சு."

கடற்கரைச் சாலையில் காற்று ஆளை அள்ளியது. என் முக்காடு அசையவில்லை. முன்னால் போன அத்தைதான் ஒரு கையில் வேதபுத்தகமும் மறு கையில் பறக்கும் முந்தானையுமாக நடந்தார்கள்.