கோத்திரம் மாறியவள்

குழந்தைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும். மாமனுக்கு அனந்தலக்ஷ்மி எங்கே போவாள்? அவள் பிறப்பதற்கு முன்பே அவளுடைய அண்ணன்மார் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூத்தவனுக்குப் பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. இளையவன் வாசற்படி தடுக்கி விழுந்தான், அவனுக்கும் அதே கதிதான்.

"ஏன்னா, காது குத்தல் வேண்டாமே. எங்கண்ணாக்களுக்கு ஆன மாதிரி இவனுக்கும் ஆயிடப்போறது" என்று புருஷனிடம் கெஞ்சினாள்.

கல்கத்தாவில் வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்க்கிற வைத்தீஸ்வரன் சிரித்தார். "அசடு! தாலி கட்டினதுமே உன் கோத்திரம் மாறியாச்சு. உங்காத்துச் சமாசாரம் எங்க வம்சத்துக் குழந்தைக்கு எப்படிடீ வரும்?"

நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. பிள்ளை அப்பன் வம்சம் என்றுதானே ஊரே சொல்கிறது!

காளிகாட் வீட்டில், அவளுடைய பெரியப்பா பிள்ளை சந்தானம் மாமனாக உட்கார்ந்தான். ஒரு வயது மஹாதேவனை அவன் மடியில் வைத்தார்கள். வங்காளித் தட்டான் இரண்டு காதையும் குத்தினான். குழந்தை வீறிட்டது, வாயில் சர்க்கரை போட்டதும் அடங்கியது. ரத்தம்தான் அடங்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், படிகாரம் வைத்தார்கள், ஐஸ்கட்டி வைத்தார்கள். பாழாய்ப்போன ரத்தம் எதற்கும் மசியாமல் கசிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் வந்த டாக்டர் பாபு, தாய்வழியில் யாராவது இப்படிச் செத்ததுண்டா என்று இங்கிலீஷில் கேட்டார். வைத்தீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு மச்சினன்மார் இருவரும் போன கதையைச் சொன்னார்.

"இது தாய் கொடுக்கிற வியாதி. அவளை ஒன்றும் செய்யாது, அவள் பெறும் ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். மருந்து கிடையாது" என்றார் டாக்டர்.

வைத்தீஸ்வரன் அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது, அனந்தலக்ஷ்மி குழந்தையின் காதைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவும் பயம், எடுக்காமல் இருந்து என்ன செய்யப்போகிறோம் என்றும் தெரியவில்லை. நான் கொடுத்ததா, நான் கொடுத்ததா என்று மனசு அடித்துக்கொண்டது. அடுத்த நாள் விடிவதற்குள் மஹாதேவன் அவள் மடியிலேயே அடங்கிப்போனான்.

ஆறு மாதம் கழித்து அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். வைத்தீஸ்வரன் இப்போது கோத்திரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. காளி கோயில் கூட்டத்தில் அவள் பக்கத்தில் நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பொண்ணாப் பொறக்கணும்னு வேண்டிக்கோ. பொண்ணை இது ஒண்ணும் பண்ணாதாம்."

அனந்தலக்ஷ்மி கூப்பிய கையை இறக்கினாள்.

"ரெண்டு பிள்ளையையும் வாரிக் குடுத்துட்டு, எங்கம்மாவும் அப்படித்தானே வேண்டிண்டா. நான் பொறந்தேன்."