திரைச்சீலைக் கடையின் ரகசியச் சொல்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. வியாபாரிகள் சங்கத்து மலருக்காக, கடைக்காரர்கள் இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள். உட்கார்ந்தேன்.

இன்றைய டிஜிட்டல் உலகில் சிறு வணிகங்கள்

(இதற்கு மேல் பேனா நகரவில்லை. எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

கடவுச்சொல் என்பது வீட்டுச் சாவியைப் போ

(இதையும் விட்டுவிடலாம். எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சாவி.)

மூன்றாவது தடவை ஒரு திரைச்சீலைக் கடையை எழுதினேன். முன்னால், துணி காட்டுகிற இடத்தில் ஓர் அண்ணி. பின்னால், தையல் இயந்திரத்தில் அவளுடைய நாத்தனார். நடுவில் ஒரு சாம்பல் நிறத் திரை. அதோடு கட்டுரை என் கையை விட்டுப் போயிற்று.

2

இருவரும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரே ஒரு சொல். வாடிக்கையாளர் ஒருத்தி, "உங்க நாத்தனார் தையல் எப்படி?" என்று கேட்க, அண்ணி துணியை மடித்தபடியே, "பரவாயில்ல" என்றாள். நல்ல அர்த்தத்தில்தான் சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரம் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் அண்ணன் வழியாகத்தான். அண்ணிக்குக் கணவர், நாத்தனாருக்கு அண்ணன். மனுஷர் நடுவில் மாட்டிக்கொண்டார். "என்னங்க, மடிப்பு எவ்வளவு அகலம்னு கேளுங்க." "அண்ணா, ஏற்கனவே சொல்லிட்டேன்னு சொல்லு." இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும்.*

* முதல் பிரதியில் நாத்தனாரைக் கொஞ்சம் வில்லியாக்கப் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை. அவள் தைத்த ஓரங்கள் அவ்வளவு நேராக இருந்தன.

3

அன்று அண்ணன் ஓர் அலுவலகத்தில் திரை மாட்டப் போயிருந்தார். அண்ணியின் ஃபோனுக்குப் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. நாத்தனாரின் படம் போட்டிருந்தது.

"அண்ணி, இது என் புது நம்பர். நம்ம கடையோட ஆன்லைன் பக்கத்துக்குள்ள போக முடியல. உங்களுக்கு ஒரு கோட் வரும், அனுப்புங்க ப்ளீஸ்."

திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் எட்டிப் பார்த்துக் கேட்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அண்ணிக்கும் தோன்றியது. ஆனால் அவளாகவே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள்: பாவம், நேரில் பேசக் கூச்சப்பட்டு ஃபோனில் ஆரம்பிக்கிறாள். 'அண்ணி' என்று அவள் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று. மனசு குளிர்ந்துபோய், வந்த கோட் எண்ணை அப்படியே அனுப்பினாள். கூடவே, "சாப்பிட்டியாம்மா?" என்றும் கேட்டாள்.

"சாப்பிட்டேன் அண்ணி," என்றான் திருடன்.

(இந்த வரியை எழுதும்போது அவன்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் வந்தது. அடுத்த வரியில் போய்விட்டது.)

4

இணையத்தில் இருந்த கடையின் பக்கம் அவன் கைக்குப் போயிற்று. வேலையில் முக்கால்வாசி அது வழியாகத்தான் வரும். பார்த்துப் பார்த்துச் சேர்த்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் அதில்தான். அவர்களுக்கெல்லாம் கடையின் பெயரில், "பாதி விலை, இன்றே முன்பணம் அனுப்புங்கள்" என்று செய்தி பறந்தது. ஒருவர் கூப்பிட்டு, "நிஜமாவா?" என்று கேட்டபோதுதான் அண்ணிக்கு விஷயம் புரிந்தது.

பக்கத்தை மீட்க வேண்டுமானால் நாத்தனாரின் ஃபோனுக்கு இன்னொரு கோட் வர வேண்டும். நல்ல காலத்தில் இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு. திருடன் அதையும் மாற்றிவிட்டால் கடையின் கதை முடிந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள். ஏணிமேல் நிற்கிறவர் எடுக்கவில்லை.

(மாற்று முடிவு அ: அண்ணன் எடுக்கிறார், தூது சொல்கிறார், எல்லாம் சுபம். வேண்டாம், அவர் எடுத்தால் இவர்கள் ஆயுசுக்கும் பேசப் போவதில்லை. மாற்று முடிவு ஆ: போலீஸ், துரத்தல், மோட்டார் சைக்கிள். எனக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது.)

அண்ணி திரையை விலக்கினாள்.

"நீ எனக்கு மெசேஜ் போட்டியா?"

"நான் எதுக்குப் போடப் போறேன்?"

"சாப்பிட்டேன்னு சொன்னியே."

"இன்னும் சாப்பிடவே இல்லையே."

அண்ணி துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து அழுதாள். பக்கம் போனதற்கா, பேசியது இவள் இல்லை என்பதற்கா என்றால், இரண்டாவதற்குத்தான். நாத்தனார் அவள் கையிலிருந்த ஃபோனை வாங்கிப் படித்தாள். முகம் மாறியது.

"நான் பேசினேன்னு நினைச்சுத்தான் கோட் அனுப்பினீங்களா?"

அண்ணி தலையாட்டினாள்.

"சரி, அழாதீங்க. எனக்கு நம்பர் வருது. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

ஒருத்தி சொல்ல, ஒருத்தி அடிக்க, பக்கம் திரும்பி வந்தது. யாரும் பணம் அனுப்ப வேண்டாம் என்று எல்லாருக்கும் உடனே செய்தி போனது.

"ரொம்ப நல்லா பண்ணின," என்றாள் அண்ணி.

"பரவாயில்லைன்னு சொல்வீங்கன்னு நினைச்சேன்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி ஃபோன் செய்தபோது அவருடைய தூதர் உத்தியோகம் பறிபோயிருந்தது.

5

சங்கத்து மலருக்கு அறிவுரை வேண்டுமே. எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும் கோட் எண்ணைக் கொடுக்காதீர்கள். எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி ஃபோனில் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு ரகசியச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். கதையை அந்தச் சொல்லோடுதான் முடிப்பதாக இருந்தேன். 'பரவாயில்லை' என்றுதானே நினைத்தீர்கள்? அவர்களும் முதலில் அதைத்தான் வைத்தார்கள். அப்புறம், நீங்களே ஊகித்துவிட்டால் திருடனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மாற்றிவிட்டார்கள்.

ஆகவே கடைசி வாக்கியம் இப்படி நிற்கிறது: அண்ணியின் காதோரம் குனிந்து நாத்தனார் சொன்ன சொல் [              ].

உங்களை நம்பாமல் இல்லை. ஆனால் நீங்கள் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் வீட்டில் பேசாமல் இருப்பவர் யாராவது இருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்து, இருவருமாக ஒரு சொல்லை அதில் நிரப்பிக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். நானே மெசேஜ் போட்டு, சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டுக் கேட்டாலும் சொல்லாதீர்கள்.