சாட்சி மூட்டை

1

இந்தக் கதை ஒரு மூட்டையிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இருபத்தைந்து கிலோ பொடித்த சர்க்கரை, காகிதப் பை, வாய் தைத்தது. நான் எழுதுகிற மேஜையிலிருந்து பார்த்தால் கிடங்கின் மூலையில் தெரிகிறது. அதைப் பிரிக்க வேண்டிய நாள் இன்று. பிரிக்காமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் செய்யும் வேலைகளில் இது ஒன்று, தரையைப் பெருக்குவது இன்னொன்று. பெருக்கியாகிவிட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

காகிதப் பைகளைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை, ஏனென்றால்

ஏனென்றால் என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன். அடுத்தது:

அவர் போன பிறகு கிடங்கில் ஒரு

இதையும் விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கினால் படிக்கிறவர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எங்கள் கிடங்கில் அப்படித் தாழ்ந்த குரலில் பேசினால் தையல் மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தேன். கதைக்குள் "நான்" வரக்கூடாது, "அவள்"தான் வருவாள். மூட்டை நேராக நிற்கிறதா என்று அதைத் தூக்கி வைத்தவருக்குத் தெரியாது, நாலடி தள்ளி நிற்பவருக்குத்தான் தெரியும். நானும் நாலடி தள்ளி நின்றுகொள்கிறேன்.

2

அவளும் அவள் கணவரும் ஒரு கிடங்கு வைத்திருந்தார்கள். மாவு, பருப்பு, சர்க்கரை, விதை என்று ஈரமில்லாத சாமான் எதுவானாலும் மொத்தமாக வாங்கி, சலித்து, காகிதப் பைகளில் போட்டு, வாய் தைத்து, கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் அனுப்புவார்கள். முப்பது வருஷம் இதுதான் வேலை.

தைப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் பையின் வாயை மடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் கைமெஷினைத் தூக்கிப் பிடித்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும். எல்லா இடத்திலும் தைக்கிறவர் பையில் அச்சடித்த பக்கத்தில் நிற்பார். அவள் கணவர் மட்டும் மூட்டைக்குப் பின்னால் நிற்பார். முன்னால் நின்று வாயைப் பிடிப்பது அவள்.

"முன்னாடி வந்து நின்னு தைச்சா என்னங்க? எல்லாரும் அப்படித்தானே தைக்கிறாங்க."

"எல்லாரும் எதைப் பார்த்துக்கிட்டுத் தைக்கிறாங்க? அந்த எழுத்தை. எனக்கு அதைப் படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு."*

இதனால் ஒரு விளைவு உண்டு. பை வாய்க்குப் போடுவது சங்கிலித் தையல். தையல் முடிந்த நுனியை நறுக்கி இழுத்தால் மொத்த நூலும் சரசரவென்று ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். தொடங்கிய நுனியை இழுத்தால் முடிச்சு விழுந்து இறுகிவிடும், பல்லால் கடித்தாலும் வராது. அச்சுப் பக்கத்திலிருந்து பார்த்தால் உலகத்து மூட்டையெல்லாம் வலது நுனியில் பிரியும். இவர்கள் மூட்டை மட்டும் இடது நுனியில் பிரியும். முதல் வருஷம் பேக்கரிக்காரர் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருமுறை கூப்பிட்டுத் திட்டினார். இரண்டாம் வருஷம் பழகிவிட்டது.

* எழுத்துக்குப் பதிலாக எதைப் பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மூட்டைக்கு இந்தப் பக்கம் அவள் ஒருத்திதான் நின்றாள்.

3

அந்தக் கிடங்கில் இன்னொரு வழக்கம் இருந்தது. புது மாதிரிப் பை வாங்குவதென்றால், முதலில் ஒரே ஒரு மூட்டை கட்டிக் குழாயடிச் சுவரோரம் நிறுத்தி வைப்பார்கள். கிடங்கிலேயே ஈரம் அதிகமுள்ள மூலை அது. உள்ளே எப்போதும் பொடித்த சர்க்கரைதான், ஏனென்றால் ஈரம் எட்டிப் பார்த்தாலே முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். நூறு நாள் நிற்கும். அதற்குச் சாட்சி என்று பெயர். நூறாம் நாள் இருவரும் சேர்ந்து பிரிப்பார்கள். சர்க்கரை பொலபொலவென்று கொட்டினால் பை தேறியது. கட்டி தட்டியிருந்தால் பைக்காரர் வேறு கிடங்கைப் பார்த்துப் போகலாம்.

போன வருஷம் இவர்கள் வழக்கமாக வாங்கிய பை வருவது நின்றுபோனது. பைக்காரர் இரண்டு புது மாதிரிகளோடு வந்தார். ஒன்று இரண்டு அடுக்குக் காகிதம், தடிமன், காற்று வெளியேற ஊசிமுனை அளவில் துளைகள். மற்றது மூன்று அடுக்கு, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் உறை.

(பைக்காரரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். நான் எழுதும்போது அவர் ரொம்பப் பயந்தவராக வந்துவிடுகிறார். நிஜத்தில் அவர் பயந்தவர் இல்லை, என் நாத்தனார் முன்னால் மட்டும் அப்படி. ஆகையால் அப்படியே விடுகிறேன்.)

பையை எடுத்த எடுப்பில் நம்பிவிட முடியாது. மாவு நிரப்பி இடுப்பு உயரத்திலிருந்து மூன்று தடவை கீழே போட வேண்டும். படுக்கையாக ஒன்று, விலாவில் ஒன்று, அடிப்பாகம் தரையில் மோதும்படி ஒன்று. அந்த வேலை அவள் நாத்தனாருடையது. அண்ணன் கிடங்கில் சலிப்பதும் எடை போடுவதும் நாத்தனார்தான்.

"கொஞ்சம் மெதுவாக்கா," என்றார் பைக்காரர்.

"லாரியில இருந்து இறக்குறவர் மெதுவாவா போடுவாரு?"

"அவரு சும்மா போடுவாரு. நீங்க கோவத்துல போடுறீங்க."

"உங்க பை மேல எனக்கு என்ன முன்பகையா?" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவையும் போட்டாள். தரை அதிர்ந்தது. இரண்டு பையும் பிழைத்துக்கொண்டன. சண்டை அங்கேதான் தொடங்கியது.

அவள் கணவருக்கு இரண்டு அடுக்குப் பைதான் வேண்டும். "பொடி சாமான் உள்ள போகும்போது காத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் போகும். அந்தக் காத்து வெளிய வரலன்னா மூட்டை தலையணை மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும். அட்டி போட்டு அடுக்கினா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டு வரும். மூட்டை மூச்சு விடணும்."

"மழைக்காலத்துல உங்க மூட்டை மூச்சு விடாது, மூச்சு இழுக்கும்," என்றாள் அவள். "காத்து வெளிய போற ஓட்டை வழியா ஈரம் உள்ள வராதா? வெளியே செல்லும் வழின்னு போர்டு மாட்டி வச்சிருக்கீங்களா?"

"பிளாஸ்டிக் போட்டா சாமானுக்கு வேர்க்கும்."

"உங்களுக்கு வேர்க்குது. சாமானுக்கு வேர்க்கல."

நாத்தனார் சிரித்து அடங்க நேரமாயிற்று. அவரும் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கையிருப்பில் இருந்த பழைய பைகள் நூறு நாளைக்குத் தாங்கும். அவர் இரண்டு அடுக்குப் பையில் சர்க்கரையை நிரப்பினார். அவள் வாயைப் பிடித்தாள், அவர் பின்னால் நின்று தைத்தார். பென்சிலால் தேதி போட்டார்.

"நூறு நாள் கழிச்சுப் பேசு," என்றார்.

அவள் பென்சிலை வாங்கி, தேதிக்குக் கீழே "பார்க்கலாம்" என்று எழுதினாள்.

4

நாற்பத்தொன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் மூன்று பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அவற்றில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கதையின் மேல் அடுக்கினால் அட்டி சரிந்தது. இரண்டு வரிக்கு மேல் இங்கே நிற்காது.

கதைக்கு வேண்டியது இதுதான். அந்தச் சண்டை முடியவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் எத்தனையோ பேசினார்கள், குழம்பில் உப்பு, மெஷினுக்கு எண்ணெய், நாத்தனாரின் மூக்குக்கண்ணாடி. சண்டை போட்டது அதுதான் கடைசி. அது மூட்டைக்குள் வாய் தைக்கப்பட்டு நிற்கிறது. இடையில் மழைக்காலமும் வந்து போய்விட்டது. பிரித்தால் ஒருவர் ஜெயித்தாக வேண்டும். அவர் தோற்பதைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. அவர் ஜெயித்து, அதைச் சொல்லிக்காட்ட ஆளில்லாமல் போவதைப் பார்க்கவும் விருப்பமில்லை.

இன்று நூறாம் நாள். பழைய பைகள் தீர்ந்துவிட்டன. எந்தப் பை என்று கேட்டுப்போக நாலு மணிக்குப் பைக்காரர் வருகிறார்.

5

(எழுதியதை நாத்தனார் படித்துவிட்டாள். இந்தப் பகுதி திட்டத்தில் இல்லை.)

"அண்ணி, நான் இவ்வளவு வாயாடியா?"

"குறைச்சுத்தான் எழுதியிருக்கேன்."

"பேக்கரிக்காரர் கூப்பிட்டதை எழுதலையே?"

"அது கதைக்கு வேணாம்மா."

"ஏன் வேணாம்? நான் தப்பு பண்ணினதுன்னு விட்டுட்டீங்களா? எழுதுங்க."

எழுதுகிறேன். அவர் போன பிறகு மெஷினை எடுத்தவள் நாத்தனார். அவள் எல்லோரையும்போல அச்சுப் பக்கத்தில் நின்று தைத்தாள். நான் பக்கத்தில் ஒதுங்கி வாயைப் பிடித்தேன். நாலே நாளில் பேக்கரிக்காரர் கூப்பிட்டார்.

"முப்பது வருஷமா என் கையை இடது பக்கம் பழக்கி வச்சுட்டு, இப்ப திடீர்னு ஊரோட ஒத்துப்போனா எப்படிம்மா? நேத்து மூணு மூட்டையைக் கத்தியால கிழிச்சோம். நல்லா இருந்த பை."

மறுநாள் காலையில் நாத்தனார் மெஷினைத் தூக்கிக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றாள். நான் முன்னால் வந்தேன். இரண்டு மூட்டை தைத்தாள். மூன்றாவதில் நிறுத்தினாள்.

"அண்ணி, இங்க நின்னா உங்க மூஞ்சியைத்தான் பார்க்க வேண்டியிருக்கு. எங்க அண்ணன் எப்படித்தான் முப்பது வருஷம் ஓட்டினாரோ."

"பாவம்தான்," என்றேன்.

அன்றைக்கு நாங்கள் தைத்ததில் பாதி கோணல். சிரிப்புதான் காரணம். யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இப்போது யோசித்தால், அன்றிலிருந்துதான் நான் வயிறு நிறையச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். கிடங்கு ஓடுகிறது, தராசு சரியாகக் காட்டுகிறது, கையில் மாவு வாசனை போகவில்லை. (பார்த்தீர்களா, "அவள்" எங்கேயோ போய்விட்டாள். தேடிப் பார்க்க நேரமில்லை, மணி மூன்று ஆகிவிட்டது.)

6

முடிவுகள். கைவசம் உள்ளவை:

அவள் மூட்டையைப் பிரிக்கிறாள். சர்க்கரை பொலபொலவென்று கொட்டுகிறது. இரண்டு அடுக்குப் பைக்கு ஆர்டர் கொடுக்கிறாள். "சரிங்க, நீங்க சொன்னதுதான் சரி" என்று வாய்விட்டுச் சொல்கிறாள். முப்பது வருஷத்தில் அவர் எத்தனையோ முறை காத்திருந்த வாக்கியம். நல்ல முடிவுதான். ஆனால் அவள் அதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவாளா என்பது எனக்குச் சந்தேகம்.

அல்லது, கட்டி. சுத்தியலால் தட்ட வேண்டிய கட்டி. அவள் ஜெயித்துவிட்டாள். நிமிர்ந்து பார்க்கிறாள். எதிரே

இதை முடிக்கப்போவதில்லை.

மூன்றாவது முடிவு நாத்தனார் சொன்னது. மேலே பொலபொலப்பு, சுவரை ஒட்டிய பக்கம் மட்டும் கட்டி. "அப்ப ரெண்டு பேரும் ஜெயிச்சீங்க, ரெண்டு பேரும் தோத்தீங்க. சண்டையும் முடியாது," என்றாள். அவளுக்குப் பைகளைப் பற்றியும் தெரியும், எங்களைப் பற்றியும் தெரியும்.

நான்காவது, பிரிக்காமலே விட்டுவிடுவது. மூட்டை அப்படியே மூலையில் நிற்கட்டும், விளக்கேற்றி வைக்காத குறையாக. இதை எழுதும்போதே அவர் திட்டுவது காதில் விழுகிறது. சாட்சியைக் கேட்காமல் இந்தக் கிடங்கு பை வாங்கியதில்லை. அடித்துவிட்டேன்.

7

மணி நாலு. பைக்காரர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். நாத்தனார் இருக்கும் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முக்காலியில் உட்காருகிறார்.

"நீ வந்து ஒரு கை பிடிம்மா," என்றேன் அவளிடம்.

"ஐயோ, நான் வரல. அது உங்க ரெண்டு பேர் சண்டை. நடுவுல வந்தா நாளைக்கு என்னைத்தான் சொல்வீங்க." தேநீர் போடப் போய்விட்டாள்.

மூட்டையை இழுத்து நடுவில் நிறுத்தியிருக்கிறேன். காகிதம் விறைப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. பென்சில் எழுத்து அழியவில்லை. அவர் போட்ட தேதி, கீழே என்னுடைய "பார்க்கலாம்."

இது ஒருவர் பிரிக்கிற மூட்டை இல்லை. இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தது நீங்கள்தான், ஆகவே உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அச்சுப் பக்கம் நான் நிற்கிறேன், வாயைப் பிடித்துக்கொண்டு. நீங்கள் பின்னால் போய் நில்லுங்கள். இடது நுனி என்று சொன்னேன் அல்லவா, அது என் பக்கத்திலிருந்து பார்க்கும்போது. அவர் நின்ற இடத்தில் நின்றால் அது உங்கள் வலது கைக்குப் பக்கம். நுனியை நறுக்கிவிட்டேன்.

நான் உள்ளே குனிந்து பார்க்கப்போவதில்லை. வாயைப் பிடிக்கிறவள் நிமிர்ந்து எதிரே பார்ப்பதுதான் வழக்கம். உள்ளே பார்க்க வேண்டியது நீங்கள். எதுவானாலும் பைக்காரரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், அவர் எழுதிக்கொள்வார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.

சரி, பிடித்துக்கொண்டேன். இழுங்கள்.