சாவிக்காரருக்கும் இரக்கமாயிரும்

சுட்ட கோழியை எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தாள் ரெமெடியோஸ். ஆறட்டும் என்று காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை, விரல்கள் எரிந்தால் எரியட்டும். தம்பி அனஸ்தாசியோவுக்கு நாளைக் காலை அடக்கம். ஜெபமாலை சொல்ல இன்றுதான் கடைசி நாள். பசிபிக் தீவான குவாமின் தென்கரையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே வரும், வந்தவர் யாரும் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது. கார் கொட்டகையில் நீள மேசைகள் போட்டாயிற்று. சிவப்புச் சோறு பெரிய அலுமினியத் தட்டுகளில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எலுமிச்சையும் மிளகாயும் துருவிய தேங்காயும் போட்டுக் கோழியைப் பிசைய வேண்டியதுதான் பாக்கி.

ஜெனிவிவ் போனைக் காதிலிருந்து இறக்கியபடி வந்தாள். செத்தவனின் ஒரே மகள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஆண்ட்டி, அறக்கட்டளையிலேர்ந்து பேசினாங்க."

"என்னவாம் அவங்களுக்கு?"

"அப்பா போயிட்டாலும் அவர் போட்ட விண்ணப்பத்தை வாரிசுங்கற முறையில நான் நடத்தலாமாம். ஆனா நஷ்டஈட்டுப் படி மாறாதாம், கடைசிப் படிதானாம். பார்த்த ஆளு யாராவது வாயைத் தொறந்து சொன்னாத்தான் மறுபடி எடுத்துப் பார்ப்பாங்களாம். அதுவும் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்."

"சாவு வீட்டுக்குப் போன் போட்டு இதைச் சொல்றானுங்க பாரு. நல்லா இருப்பானுங்களா?"

"அந்தப் பொண்ணு பாவம், சொல்லச் சொன்னதைச் சொல்லுது."

"எல்லாரும் பாவம்தான். உங்கப்பன் ஒருத்தனைத் தவிர."

அமெரிக்காவிலிருந்து வந்த துறவிகள் சபை ஒன்று அந்த ஊரில் சிறுவர் விடுதி நடத்தியது. அங்கே வளர்ந்த பையன்கள் தலை நரைத்த பிறகு, ஒருவர் பின் ஒருவராக வாயைத் திறந்தார்கள். சபை என்ன செய்தது? எங்களிடம் ஒன்றுமில்லை, திவால் என்று கோர்ட்டில் கையை விரித்தது. கோர்ட்டு, இருப்பதைத் திரட்டி ஒரு அறக்கட்டளையில் போட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்றது. பிரிப்பதற்கு அவர்கள் மார்க் போட்டார்கள். என்ன வயசு, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். அனஸ்தாசியோ அதற்கும் சிரித்தான். "பள்ளிக்கூடத்துல வாங்காத மார்க்கை இப்பவாவது வாங்கலாம்னு பார்த்தேன். இதுலயும் ஃபெயில்டி அக்கா" என்றான். அவன் விண்ணப்பத்துக்கு வந்த பதில் இதுதான்: சொல்கிறார், ஆதாரமில்லை.

அந்தச் சொல் அவனை அரித்துவிட்டது. போன மாதம் ரத்தம் சுத்திகரிக்கும் நாற்காலியில் குழாய்களோடு கிடந்தபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "காசு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நடந்துச்சுன்னு எழுதச் சொல்லு. பொய்க்காரன்னு பேர் வாங்கிட்டு என்னைப் புதைக்காதே." அதே நாற்காலியில்தான் போய்ச் சேர்ந்தான். புதைக்க இன்னும் ஒரு ராத்திரி இருந்தது.

பார்த்த ஆள் இருந்தார். உயிரோடு, குத்துக்கல்லாட்டம் இருந்தார். டுன் குமெர்சிந்தோ. பெரியவர்களை அங்கே டுன் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த நாளில் விடுதியில் சமையல்காரர், சாவிக்கொத்தும் அவர் இடுப்பில்தான். அடுக்களைக்குப் பின்னால் பிரதர் ஆல்டனின் அறை. பதினோரு வயதுப் பையனை உள்ளே கூப்பிட்டால், கதவை வெளியிலிருந்து பூட்டுவது இவர் வேலை. திறந்துவிட்டதும் பையன் கையில் ஒரு உருண்டை ரொட்டியைத் திணித்து, "போய் விளையாடு" என்பார். ரொட்டிக்குள் தேங்காய்ப் பாகு இருக்கும். அனஸ்தாசியோ அதன் பிறகு வாழ்நாளில் ரொட்டியைத் தொட்டதில்லை. ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனாகச் சொல்ல ஐம்பதைத் தாண்ட வேண்டியிருந்தது.

அறக்கட்டளை ஆள் வந்து விசாரித்தபோது டுன் குமெர்சிந்தோ சொன்ன பதில், ஞாபகமில்லை. யார் கல்யாணத்துக்கு எத்தனை பன்றி அறுத்தார்கள் என்று இன்றைக்கும் பிசகாமல் சொல்லுகிற மனுஷன்! ரெமெடியோஸுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா? பிரதர் ஆல்டன் செத்து மண்ணாகிவிட்டான். ஆனால் சபை போகும்போது, சாகும்வரை இருந்துகொள் என்று அவருக்கு ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. தின்ற சோற்றுக்கு விசுவாசம்.

இருட்டுவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கைத்தடி. வழியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக "ஞோட்" என்று குனிந்து, அவர் புறங்கையை மூக்கில் தொட்டு எடுத்தார்கள். பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை. அவரும் ஒவ்வொரு தலைக்கும் "கடவுள் துணை" சொல்லிக்கொண்டே வந்தார். ரெமெடியோஸ் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"கையெல்லாம் கோழி, டுன்" என்றாள். குனியவில்லை.

"பரவால்லம்மா, பரவால்ல. நல்ல பையன் உன் தம்பி. பாவம், சீக்கிரம் போயிட்டான்."

"சீக்கிரம்தான் போயிட்டான். நீங்க உள்ள போய் உக்காருங்க."

அவர் எப்போதும்போல முன் வரிசையில் உட்கார்ந்தார். அந்த ஊரில் ஜெபத்துக்குப் பதில் சொல்வதில் அவரை யாரும் முந்த முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் கணீரென்று சொல்லி முடித்துவிடுவார். அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கூட்டம் பின்னால் வரும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஜெபத்தை முன்நின்று சொல்வது ரெமெடியோஸ். சாவு வீடுகளில் அந்த வேலையைச் செய்கிறவளைத் தேச்சா என்பார்கள். சாமியார் வேண்டியதில்லை, தேச்சா சொல்லச் சொல்ல ஊர் பதில் சொல்லும். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கு நீங்க சொல்ல வேண்டாம், தொண்டை அடைக்கும், வேறு ஆளை வைக்கலாம் என்று ஜெனிவிவ் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். "என் தொண்டையைப் பத்தி நீ கவலைப்படாதே" என்று வாயை அடைத்துவிட்டாள்.

தம்பியின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் ஜெனிவிவ் போனைச் சாய்த்து வைத்தாள். அமெரிக்காவில் சான் டியேகோவிலும் டகோமாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் நேரலையில் பார்ப்பதற்கு. படத்தில் அனஸ்தாசியோ மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளித்தான்.

ஜெபமாலை மணிகள் விரல்களில் ஓடின. கூட்டத்தின் குரல் அலை மாதிரி ஏறி இறங்கியது. மாலையின் ஐந்து பத்து மணிகளும் முடிந்து கடைசி மன்றாட்டு வந்தது. இதில் மட்டும் யாருக்காக வேண்டுவது என்பது தேச்சாவின் இஷ்டம். ரெமெடியோஸ் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நோயில் கிடந்து இறந்த அனஸ்தாசியோவுக்கு..."

"ஆண்டவரே இரக்கமாயிரும்."

"அவனுக்கு முன் போன எங்கள் அப்பா அம்மாவுக்கு..."

"ஆண்டவரே இரக்கமாயிரும்."

"கடலில் போனவர்களுக்கு, சண்டையில் போனவர்களுக்கு..."

"ஆண்டவரே இரக்கமாயிரும்."

அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"சபை விடுதியில், அடுக்களைக்குப் பின்னால் இருந்த அறையில், பிரதர் ஆல்டன் சீரழித்த பதினோரு வயது அனஸ்தாசியோவுக்கு..."

"ஆண்டவரே இரக்க..." பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். பாதிப் பேருக்கு நடுவிலேயே வாய் நின்றுபோனது. யாரோ ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். ரெமெடியோஸ் நிறுத்தவில்லை.

"அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டிய சாவிக்காரருக்கு..."

"ஆண்டவரே இரக்கமாயிரும்."

ஒரே குரல். முன் வரிசையிலிருந்து, கணீரென்று. எழுபது வருஷப் பழக்கம், வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. தன் குரலுக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் டுன் குமெர்சிந்தோ கண்ணைத் திறந்தார். கொட்டகை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நல்லா முழி, என்று நினைத்துக்கொண்டாள் ரெமெடியோஸ். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தம்பி செத்த நாளிலிருந்து முதல் தடவையாக வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. சிலுவை அடையாளம் போட்டு ஜெபத்தை முடித்தாள். "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

யாரும் அசையவில்லை. பிறகு ஒரு நாற்காலி நகர்ந்தது, இன்னொன்று நகர்ந்தது. முன் வரிசைப் பக்கம் மட்டும் ஒருவரும் போகவில்லை. ரெமெடியோஸ் தானே ஒரு தட்டில் சோறும் கோழியும் குவித்து எடுத்துப்போய் அவர் மடியில் வைத்தாள்.

"மெடி" என்றார். "ஊர் நடுவுல இப்படிப் பண்ணிட்டியேம்மா. நான் வயசானவன்."

"என் தம்பி சின்னப் பையன்."

"நான் சமையல்காரன். அவங்க சொன்னதைச் செஞ்சேன். செய்யாட்டி எனக்கு ஏது வேலை?"

"என்ன செஞ்சீங்க? அதைத்தான் கேக்கறாங்க. எங்கிட்டச் சொல்லாதீங்க, அதோ, அதுகிட்டச் சொல்லுங்க." போனைக் காட்டினாள். அதன் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "டகோமா வரைக்கும் கேட்டாச்சு, டுன். இனிமே மறைச்சு என்ன ஆகப்போவுது?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். சற்று முன் அவர் கையை முகர்ந்தவர்கள் தட்டுகளைப் பிடித்தபடி நின்றார்கள். ஒரு முகமாவது தனக்காக இளகுகிறதா என்று தேடினார். யாரும் உதவிக்கு வரவில்லை.

ஜெனிவிவ் போனை எடுத்து அவர் முன்னால் பிடித்தாள். ரெமெடியோஸ் அவள் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள்.

"நான்தான் பூட்டுவேன்" என்றார் டுன் குமெர்சிந்தோ. "அவன் கத்துவான். அடுக்களையில எனக்குக் கேக்கும். ரேடியோவைச் சத்தமா வைப்பேன்." நிறுத்தினார். "அனஸ்தாசியோ சொன்னது பொய்யில்லை. நடந்துச்சு."

ஜெனிவிவ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரெமெடியோஸ் அழவில்லை. அறக்கட்டளைக்காரன் வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து கேட்டால் இதையே சொல்வீர்களா என்று கேட்டாள். சொல்வேன் என்றார். சபை வீட்டைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டாள். அவர் மடியிலிருந்த தட்டைப் பார்த்தார். அந்த முகத்தை அவள் ஆசைதீரப் பார்த்தாள்.

"சாப்பிடுங்க. ஆறுது."

ஊர் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு கவளமாக அவர் விழுங்கினார். தட்டு காலியாக விடாமல் அவள் இன்னொரு கரண்டி போட்டாள்.

ஒருவழியாக எழுந்து கைத்தடியை ஊன்றினார். பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி தோள் தளர்ந்திருந்தது. எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தாரோ என்னவோ, ரெமெடியோஸை நோக்கி வலது கையை நீட்டினார். புறங்கை மேலே, விரல்கள் தொங்க, குனிகிற தலைக்காக.

"இருங்க, டுன்" என்றாள். "வெறுங்கையோடவா போவீங்க?"

சாவு வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது வெள்ளிக் காகிதத்தில் எதையாவது சுற்றிக் கொடுப்பது வழக்கம். அவள் உள்ளே போய், காலையிலேயே சுற்றி அடுப்பின் மேல் வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து வந்தாள். நீட்டியபடியே இருந்த அவர் கையைத் திருப்பி, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். இன்னும் சூடாக இருந்தது. சின்னதாக, உருண்டையாக, மெத்தென்று இருந்தது. தேங்காய்ப் பாகின் வாசனை காகிதத்தைத் தாண்டி வந்தது.

"போய் விளையாடுங்க" என்றாள்.

வாசல் விளக்குக்கு அடியில் அவர் நின்றார். பொட்டலத்தைப் பையில் போடப் போனார், போடவில்லை. கீழே வைக்கப் போனார், ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு நாய் ஒன்று மோப்பம் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனது. ரெமெடியோஸ் கொட்டகைக்குத் திரும்பி, கழுவாமல் கிடந்த தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.