கோட்டுக்கு இரண்டு விரல்

துப்பாக்கிமேல் கெரோல்ட் மாட்டிக்கொடுத்த ஸ்கோப்பைக் குறை சொல்ல ஜெர்மனியின் ஸ்பெஸ்ஸார்ட் காட்டில் ஆள் கிடையாது. சொல்ல வந்த ஓரிருவரும் அவன் விளக்க ஆரம்பித்ததும் பாதிப் பீரை மேசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஓய்வு பெறும்வரை டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருந்தவன். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் எங்கே தப்புப் பண்ணுவான் என்று காத்திருப்பது தொழில். இப்போது அதையே வேட்டைப் பரண்மேல் உட்கார்ந்து சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தான்.

காட்டில் வேட்டையாடும் உரிமை ஃபோல்க்மாரின் குத்தகை. ஃபோல்க்மாருக்கு ஜன்னல் செய்யும் ஃபேக்டரி இருந்தது, இரண்டு மகள்கள் இருந்தார்கள், தாராள மனசு இருப்பதாக அவரே சொல்லிக்கொள்வார். கெரோல்ட் அவரிடம் அனுமதி வாங்கி வேட்டையாடுகிறவன். அதாவது பரணுக்கு ஆணி அடிப்பது, மான் நக்க உப்புக்கட்டி வைப்பது, மக்காச்சோளக் கொல்லையில் பன்றிக்குக் காவல் இருப்பது எல்லாம் அவன். கலைமான் சுடுவது விருந்தாளிகள்.

முதிர்ந்த கலைமான் அந்தக் காட்டில் வருஷத்துக்கு ஒன்றுதான் சுடலாம். யாருக்கு என்பதைக் குத்தகைக்காரர் வாயால் சொல்ல வேண்டும். "உன் முறை வரும்யா" என்று ஃபோல்க்மார் பதினோரு வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

இந்த வருஷம் நிஜமாகவே வரும்போலிருந்தது. ஓடையோரப் புல்வெளிக்கு ஒரு கிழட்டுக் கலைமான் பழகியிருந்தது. வெளிச்சம் செத்துக்கொண்டிருக்கும்போதுதான் தலையைக் காட்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் அது உதிர்த்த கொம்பைத் தேடி எடுத்தவன் கெரோல்ட். கொம்பு குத்தகைக்காரருக்குச் சொந்தம் என்பதால் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவன்தான். அவை ஃபோல்க்மாரின் ஆபீஸ் சுவரில் வரிசையாகத் தொங்கின. மிச்சமிருந்தது மான் மட்டும். அது தனக்கு என்று கெரோல்ட் முடிவே கட்டியிருந்தான். தன் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டிருந்தான், மனைவியிடம்கூடச் சொல்லியிருந்தான்.

ஜூலையில் ஃபோல்க்மார் போன் செய்தார். "மூத்த மாப்பிள்ளை வேட்டை லைசன்ஸ் எடுத்துட்டான்யா. துப்பாக்கி வாங்கிக் குடுத்துட்டேன். மங்கல்ல பன்னி சுடணுமாம். மேல ஒரு நல்ல கண்ணாடியா பாத்து மாட்டிவிடு. உன்னைவிட்டா யாரு இருக்கா?"

மாப்பிள்ளை பெயர் லியாண்டர். துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்ததுமே கண்ணாடி அலமாரியில் இருந்ததிலேயே பெரியதைக் காட்டினான்.

"மூணுலேர்ந்து இருபத்திநாலு மடங்கு. போன்ல இணைச்சா படமும் எடுக்கும்."

"நிலாவுல எறங்கப்போறியா தம்பி?"

"பெருசாத் தெரிஞ்சா நல்லதுதானே?"

"பெருசாத்தான் தெரியும். கறுப்பாத் தெரியும். இருபத்திநாலு மடங்கு கறுப்பு."

கெரோல்ட் எடுத்துக் கொடுத்தது மடங்கு மாறாத, பார்வைக்கு ஒரு சுவாரசியமும் இல்லாத குழாய். எட்டு மடங்கு, ஐம்பத்தாறு மில்லிமீட்டர் முன்லென்ஸ். உள்ளே தடித்த கோடுகள். மெல்லிய கோடு கடை வெளிச்சத்தில் அழகாக இருக்கும், மங்கலில் மானுக்கு முன்னால் அதுதான் காணாமல் போகும்.

"ஐம்பத்தாற எட்டால வகுத்தா ஏழு. ஏழு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்கு வரும். உன் வயசுல கண்மணி இருட்டுல அவ்வளவு விரியும். வர்றது முச்சூடும் உள்ள போகும்."

"உங்களுக்கு?"

"அஞ்சு விரிஞ்சா அதிகம். மிச்சம் கன்னத்துல விழும்."

லியாண்டர் சிரித்தான். கடைக்காரர் சிரித்தார். தனக்கு உதவாத வெளிச்சத்தை அடுத்தவனுக்குத் தேர்ந்தெடுத்த பெருமிதத்தில் கெரோல்ட்டும் சிரித்தான்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சுடுதளத்தில் வைத்து மாட்டினார்கள். தகரக் கூரை தகதகத்தது. லியாண்டர் பனியன் மாதிரி ஒரு சட்டையில் வந்திருந்தான். கெரோல்ட் வளையங்களில் ஸ்கோப்பைப் படுக்கவைத்து, திருகுகளை இறுக்காமல் விட்டான்.

"கண்ண மூடு. துப்பாக்கிய தோள்ல வை. கன்னத்தச் சாய். இப்பத் தெற. வட்டம் முழுசாத் தெரியுதா, ஓரத்துல கறுப்பு இருக்கா?"

"முழுசாத் தெரியுது."

"கோட்டு எங்க?"

"எந்தக் கோட்டு?"

"பரண்மேல போட்டுக்கப்போற கோட்டு. அத மாட்டிக்கிட்டுத்தான் அளக்கணும்."

"முப்பத்திநாலு டிகிரி கெரோல்ட்! அவிஞ்சுபோயிருவேன்."

"அவி. பன்னி குளிர்லதான் வரும். என் கோட்டு வண்டில கெடக்கு, போய் எடுத்துட்டு..."

அப்போது ஃபோல்க்மார் கையில் சாஸேஜ் ரொட்டியோடு வந்து கெரோல்ட்டின் தோளில் இன்னொரு கையைப் போட்டார்.

"ஒரு நல்ல சேதிய்யா. அந்த ஓடைக் கிழட்ட மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டேன். மொதல் மான், குடும்பத்துக்கு ஒரு ஞாபகமா இருக்கட்டும்னு. நீதான் கூடப் போகணும். அதோட போக்குவரத்து உன்னவிட எவனுக்குத் தெரியும்?"

"சந்தோஷம்" என்றான் கெரோல்ட். ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது.

லியாண்டர் வண்டிப் பக்கம் பாதி தூரம் போயிருந்தான். "அப்ப கோட்டு எடுத்தாரணுமா?"

"வேணாம்."

தடிமனான கோட்டைப் போட்டால் துப்பாக்கியின் அடிக்கட்டை தோளிலிருந்து இரண்டு விரல் முன்னால் தள்ளிப்போகும், கண் அத்தனை தூரம் பின்னால் நிற்கும், வட்டத்தைச் சுற்றிக் கறுப்பு ஏறும். கெரோல்ட் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கேட்காதபோதும் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு மட்டும் சொல்லாமல் ஒவ்வொரு திருகையும் அளவு பார்த்து, அழகாக இறுக்கினான். நூறு மீட்டரில் மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் விழுந்தன. ஃபோல்க்மார் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்.

செப்டம்பர் கடைசியில் கலைமான்கள் துணை தேடிக் கத்த, காடு முழங்கத் தொடங்கியது. லியாண்டர் மாமியார் பரிசளித்த பச்சைக் கம்பளிக் கோட்டில் வந்தான். மெத்தையைச் சுருட்டிப் பொத்தான் வைத்தது போலிருந்தது. கெரோல்ட் அதைப் பார்த்தான். ஏணியில் அவனை முன்னால் ஏறவிட்டான்.

கிழடு வழக்கமான நேரத்தில், வழக்கமான இடத்தில் வந்து நின்றது. லியாண்டர் துப்பாக்கியைத் தூக்கினான்.

"கறுப்பா இருக்கு" என்று கிசுகிசுத்தான். "நடுவுல மட்டும் சின்ன வட்டமாத் தெரியுது."

பக்கத்து ஸீட்டில் ஒரு பிரேக் இருந்திருந்தால் கெரோல்ட்டின் கால் பழக்கத்தில் அதை மிதித்திருக்கும். பரணில் பிரேக் இல்லை, வாய்தான் இருந்தது.

"மூச்ச விடு. அவசரமில்ல" என்றான்.

புல்வெளியைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் அவன். பைனாகுலர் அவன் மார்பில் தொங்கியது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது லியாண்டரின் முகத்தை. கழுத்து ஆமை மாதிரி நீண்டு லென்ஸைத் தேடிப் போனது. வெடித்தது. பின்னுதையில் ஸ்கோப்பின் விளிம்பு லியாண்டரின் புருவத்தில் பிறை வெட்டியது. மான் ஒரே தாவலில் மரங்களுக்குள் போய்விட்டது.

"பட்டுச்சா?"

"காலைல மோப்ப நாய் சொல்லும்" என்றான் கெரோல்ட். உள்ளுக்குள் அவனுக்கு விசிலடிக்கவேண்டும்போல் இருந்தது.

காலையில் நாய் சொன்னது. புல்லில் ஒரு சின்ன எலும்புச் சில், கலைமானுடையதாக இருக்க முடியாத அளவுக்கு மெலிசு. முள்புதருக்குள் அந்த வருஷத்துக் குட்டி ஒன்று படுத்திருந்தது. முன்கால் தோலில் தொங்கியது. கிழட்டுக்குப் பின்னால், கறுப்பு ஏறிய ஓரத்துக்குள் நின்றிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க உயிரோடு இருந்திருக்கிறது. எழுந்திருக்கப் பார்த்தது. கெரோல்ட் தன் துப்பாக்கியால் முடித்துவைத்தான். பத்து வருஷத்துக்கு முந்தின அவனுடைய ஸ்கோப் அந்தத் தூரத்துக்குத் தேவைப்படவில்லை.

தப்பிய குண்டுக்கு மறுநாள் துப்பாக்கியைச் சோதிப்பது முறை. ஃபோல்க்மாரே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்து சுட்டார். நட்ட நடுவில்.

"உன் வேலையில மயிரளவு குத்தமில்லய்யா. பையனுக்குத்தான் கை ஒதறிருச்சு."

"கறுப்பாத் தெரிஞ்சுது மாமா."

"கண்ண மூடிக்கிட்டுச் சுட்டா கறுப்பாத்தான் மாப்ள தெரியும்." ஃபோல்க்மார் கெரோல்ட் பக்கம் திரும்பினார். "இவன் இன்னும் பழுக்கலய்யா. சீசன் முடியறதுக்குள்ள அந்தக் கிழட்ட நீயே அடிச்சிரு."

பதினோரு வருஷமாகக் கேட்கக் காத்திருந்த வாக்கியம். கெரோல்ட்டுக்கு அது காதில் விழுந்தது. கூடவே, எழுந்திருக்கப் பார்த்த அந்தக் கால்கள் புதரில் உரசிய சத்தமும் விழுந்தது.

"கோட்டு" என்றான்.

"என்னய்யா கோட்டு?"

"கோட்டு போட்டு அளக்கல. அதான் கறுப்பு. பையன்மேல தப்பில்ல." பிறகு, "மறந்துட்டேன்" என்றான்.

ஃபோல்க்மாரின் முகம் மகளுக்கு இரண்டாவது தடவை கல்யாணம் ஆனது மாதிரி மலர்ந்தது. "அப்பப் பையன் தப்பில்ல! இத நேத்தே சொல்றதுக்கென்ன? சரி, மாத்தி மாட்டு. அவனே அடிக்கட்டும்." அன்று சாயங்காலத்துக்குள் மதுக்கடை முழுக்கச் செய்தி பரவியது: கெரோல்ட்டுக்கு வயசாகிவிட்டது, கோட்டையே மறந்துவிட்டான், பாவம் ஒரு குட்டி.

திரும்ப மாட்டினான். இந்தத் தடவை மெத்தைக் கோட்டோடு, இரண்டு விரல் பின்னால். அடுத்த வாரம் பரண் ஏறியபோது காற்று வெதுவெதுப்பாக இருந்தது. லியாண்டர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"போடு தம்பி."

"புழுங்குது."

"போடுன்னு சொன்னேன்."

கிழடு வந்தது. கெரோல்ட் பைனாகுலரில் புல்வெளியின் ஒவ்வொரு ஓரத்தையும் பார்த்தான். பின்னால் எதுவும் இல்லை. "இப்ப" என்றான். அது நின்ற இடத்திலேயே விழுந்தது.

வேட்டை வழக்கப்படி கூட வந்தவன் செய்ய வேண்டியதைக் கெரோல்ட் செய்தான். ஒரு தளிர் முறித்து, காயத்தில் தொட்டு, தன் தொப்பியைக் கழற்றி, தளிரை அதன்மேல் வைத்து நீட்டினான். வேட்டைக்காரர்களின் வாழ்த்தைச் சொன்னான். குரல் சரியாகத்தான் வந்தது.

லியாண்டர் தளிரை எடுத்துக்கொண்டான். புருவத்துப் பிறையைத் தடவினான்.

"நான் கேட்டேன் கெரோல்ட்" என்றான் மெதுவாக. "கோட்டு எடுத்தாரணுமான்னு. நீங்க வேணாம்னீங்க."

கெரோல்ட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"மாமாகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்." லியாண்டர் மானின் கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தான். "ஞாயித்துக்கெழம பன்னிக்கு வரேன். ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரு வராங்க, அவங்க துப்பாக்கியையும் கொஞ்சம் பாத்துக் குடுங்க. அப்புறம் இந்த ஏணில மூணாவது படி ஆடுது."

"பாத்து வைக்கிறேன்" என்றான் கெரோல்ட். மானை இழுக்கக் கயிறு எடுத்துவர வண்டியை நோக்கி நடந்தான்.