அனுமதித்தவர் பெயர்

"ஆர். எம். டி. கோடு. ஜீரோ. மூணு."

அழிக்க வேண்டியதன் பெயரைக் காலி நாற்காலியைப் பார்த்து அவள் உரக்கப் படித்தாள். நாற்பது நாளைக்கு முன்னால் என்றால், அதில் உட்கார்ந்திருந்த தாடிக்காரர் தன் திரையைப் பார்த்து அதையே எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லி, கடைசியில் "போடு" என்பார். அந்தப் "போடு" காதில் விழாமல் அவள் எதையும் அழித்ததில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதென்று பக்கத்து வரிசைக்காரர்கள் அவளுக்கு டீச்சர் என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

சொந்தமாகக் கணினி அறை வைத்துக் கட்டி மேய்க்க முடியாத நிறுவனங்கள் தங்கள் பட்டியல்களையெல்லாம் கிளவுடில் வாடகைக்கு எடுத்த இடத்தில் போட்டு வைத்திருந்தன. அவற்றைக் கவனித்துக்கொள்வதுதான் இந்த அலுவலகத்தின் பிழைப்பு. ஒரே தகவலை மூன்று சர்வர்கள் வைத்திருக்கும். ஒன்று படுத்தால் மற்றது தாங்கிப் பிடிக்கும். அந்தக் கூட்டத்துக்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். கிளஸ்டரை அழித்தால் அதன் தினசரி பேக்கப்பும் கூடவே போய்விடும். அதனால் ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் அனுமதிக்க வேண்டும் என்று விதி.

ஆள்குறைப்பில் தாடிக்காரரை அனுப்பியவர்கள் விதியை அனுப்ப மறந்துவிட்டார்கள். மேலாளர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். தாடிக்காரரின் லாகினை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவள் மேஜையில் வைத்தார்.

"இது இன்னும் ஓடுதும்மா. நீயே கேளு, நீயே அனுமதி குடு. ரெண்டு கையும் உன்னுதுதானே?"

"இதை ஒரு வரி மெயில்ல போட்டுடுங்க சார்."

"எதுக்கெடுத்தாலும் மெயிலா? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?"

அவள் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று எழுதுகிறவர் அவர்தான். வீட்டில் கணவர், பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், முதுகெலும்பு வட்டு விலகி ஒரு வருடமாகக் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

இன்றைய பட்டியலில் நாற்பத்தொரு கிளஸ்டர்கள். முப்பது நாளாக யாரும் தொடாதவை, மதியத்துக்குள் அழிக்கவும் என்று செலவைக் கவனிக்கும் பிரிவிலிருந்து வந்திருந்தது. ஜீரோ மூணு அதில் இருபத்தேழாவது. அவளுக்கு மனசு ஒப்பவில்லை. எழுந்து மேலாளரின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"சார், இது யாருதுன்னே தெரியலை. ஆனா மூணு சர்வர் வெச்சுக் கட்டியிருக்காங்க. சும்மா கிடக்கறதுக்கு யாராவது மூணு வெப்பாங்களா?"

"முப்பது நாளா தூங்குதுல்ல? தூங்கறதுக்கு எதுக்கு வாடகை? லிஸ்ட்ல இருக்கா, அழி. ஆராய்ச்சி பண்ணாத."

திரும்பி வந்தாள். அழிக்கும் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது: கடைசிப் பிரதி வைக்கவா? வேண்டாம் என்பது உத்தரவு, பிரதிக்கும் வாடகை உண்டு. நாற்பது கிளஸ்டர்களுக்கு உத்தரவுப்படி நடந்தாள். இந்த ஒன்றுக்கு மட்டும் கட்டத்தில் டிக் போட்டாள். பிறகு திரையில் அடுத்த ஜன்னலைத் திறந்து தாடிக்காரராக மாறி அனுமதி கொடுத்தாள். "போடு" என்று அவளே முணுமுணுத்துக்கொண்டாள். கேட்க ஒரு மாதிரியாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேலாளர் அவள் மேஜைக்கே ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த ஜீரோ மூணு... திரும்ப வருமா?"

அது ஒரு ஆஸ்பத்திரியின் பட்டியல். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களின் விவரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அது கண் விழிக்கும். அன்று காலை, பரிசோதனைக்கு வர வேண்டியவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பிவிட்டு மறுபடி படுத்துவிடும். இன்றைக்கு விழிக்க வேண்டிய நாள்.

"ஒரு பிரதி வெச்சிருக்கேன் சார்."

மேலாளர் பக்கத்து நாற்காலியில், தாடிக்காரருடைய நாற்காலியில், பொத்தென்று உட்கார்ந்தார். "தெய்வம்மா நீ," என்றார்.

பிரதியிலிருந்து புதுக் கிளஸ்டரை எழுப்ப நாற்பது நிமிடம் ஆனது. அவள் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. புதுக் கிளஸ்டருக்குப் புது முகவரி. ஆஸ்பத்திரியின் புரோகிராமை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். போனில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்கார அம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"பேட்டரி தீரப்போறவங்க இதுல பதினோரு பேர் இருக்காங்கம்மா. அவங்களுக்குத் தெரியாது. நாங்க கூப்பிட்டாத்தான் வருவாங்க."

"ஏதாவது மூணு நோயாளி நம்பர் சொல்லுங்க, சரிபார்ப்போம்."

அந்த அம்மா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவள் எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னாள். மூன்றும் இருந்தன. பத்தே காலுக்கு அழைப்புகள் கிளம்பின. "போயிருச்சும்மா, போயிருச்சு! நல்லா இருப்பே," என்று போனில் குரல் தழுதழுத்தது. அவளுக்குக் கண் கரித்தது. பல மாதங்களுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்ன டீச்சர், குரல்ல ஒரு மிடுக்கு தெரியுது?" என்றார் கணவர்.

"பதினோரு பேரைக் காப்பாத்தியிருக்கேங்க."

"அப்படியே வந்து என்னையும் காப்பாத்து. அடுப்புல வெச்சது அடிப்பிடிச்சுப் போச்சு."

மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பணியாளர் பிரிவு அதிகாரியான பெண்மணி, கழுத்தில் கண்ணாடி தொங்க, இரண்டு தாள்களை மேஜைமேல் நேராக்கி வைத்தார். மேலாளர் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கிளஸ்டரை அழிக்கச் சொல்லிக் கேட்டது உங்க லாகின். அனுமதிச்சது, வேலையை விட்டுப் போனவரோட லாகின். அவர் எப்படிம்மா அனுமதிக்க முடியும்?"

"சார்தான் சீட்டுல எழுதிக் குடுத்தார்."

"சீட்டு இருக்கா?"

லாகின் மனப்பாடமான அன்றே அதைக் கிழித்துப் போட்டிருந்தாள். கண்ட இடத்தில் லாகினை எழுதி வைக்கக் கூடாது என்று தாடிக்காரர் பழக்கியது. அவள் மேலாளரைப் பார்த்தாள். அவர் டீ கிளாஸுக்குள் பார்த்தார்.

"அவசரத்துல ஏதாவது வாய்ல சொல்லியிருப்பேன். இப்படிப் பண்ணச் சொன்னதா ஞாபகம் இல்ல."

"கடைசிப் பிரதி வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதையும் மீறியிருக்கீங்க," என்றார் அதிகாரி.

"அதை வெச்சதாலதானே மேடம் இன்னிக்கு எல்லாம் திரும்ப வந்துச்சு?"

"அது வேற விஷயம். இது விதி. ஆஸ்பத்திரிக்கு நாங்க பதில் எழுதணும். யாராவது ஒருத்தர் பேர் போட்டாகணும்." தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை, இன்றே கடைசி நாள்.

கெஞ்சிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கணவரின் முதுகைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்து, நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டாள்.

"போறதுக்கு முன்னாடி உங்க லாகினை நீக்கச் சொல்லி நீங்களே ஒரு கோரிக்கை போட்டுடுங்க. அதான் முறை."

மேஜைக்குத் திரும்பி, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துவிட்டுக் கோரிக்கைப் படிவத்தைத் திறந்தாள். நீக்க வேண்டியவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தாள். பழக்கம் விடவில்லை. காலி நாற்காலியைப் பார்த்து அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பக்கத்து வரிசையில் இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பொத்தானை அழுத்தினாள். இரண்டாம் நபரின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்று திரையில் வந்தது. இப்போது அனுமதிக்க யார் இருக்கிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் மேலாளர் லேப்டாப்பைத் திறந்து, குனிந்து, இரண்டு விரலால் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார்.

திரை ஒருமுறை கண் சிமிட்டியது. கோரிக்கை ஏற்கப்பட்டது. அதன் கீழே, அனுமதித்தவர் என்ற இடத்தில், தாடிக்காரரின் பெயர் இருந்தது.